பசிபிக் தீவுகளின் காலனி கால நோட்டுகள்: சேலத்தில் இருந்தபடியே சேர்க்க ஒரு வழி

பசிபிக் தீவு நோட்டு சேர்க்க ஆசை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரு தீவைப் பிடியுங்கள், அதையே விடாமல் தொடருங்கள் என்பதுதான். சமோவாவில் ஒன்று, டோங்காவில் ஒன்று, தாஹித்தியில் ஒன்று என்று பொறுக்கினால் ஆல்பம் சீக்கிரம் நிறையும், ஆனால் எந்த நோட்டு எதற்காக அச்சானது என்று உங்களுக்கே பிடிபடாது.

நம் ஆட்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஃபிஜி. 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000 பேருக்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். 1903-இலிருந்து சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள், தெற்கிலிருந்து போனவர்கள் மட்டும் சுமார் 15,000 பேர். ஒப்பந்தப்படி முழு வேலை முடித்த ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். அந்தக் கணக்கில் ஐந்து ஷில்லிங் நோட்டு என்பது ஒரு ஆணுக்கு ஐந்து நாள் உழைப்பு, ஒரு பெண்ணுக்கு ஆறரை நாளுக்கும் மேல். இதைத் தெரிந்துகொண்டு நோட்டைக் கையில் எடுங்கள், அது வெறும் வெளிநாட்டுக் காகிதமாகத் தெரியவே தெரியாது.

ஃபிஜியின் பிரிட்டிஷ் காலனி அரசு தன் பெயரில் நோட்டு வெளியிடத் தொடங்கியது 1914-இல். ஐந்தாம் ஜார்ஜ் காலத்து நோட்டுகள் விலை அதிகம், அவற்றை இப்போதைக்கு விடுங்கள். எலிசபெத் ராணி படம் போட்ட ஐந்து ஷில்லிங்தான் கைக்கு எட்டும் முதல் நோட்டு. ஒரே வடிவமைப்பில் பல தேதிகள் அச்சாகியிருக்கும், தேதி மாறினால் விலையும் மாறும், அதனால் தேதியைப் படிக்காமல் பேரம் பேசாதீர்கள். 1969 ஜனவரியில் பவுண்டு போய் டாலர் வந்தது, ஒரு பவுண்டுக்கு இரண்டு டாலர். 1970 அக்டோபர் 10 அன்று ஃபிஜி விடுதலை பெற்றது, ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ராணி படம் நோட்டில் நீடித்தது. ஆகவே படத்தை மட்டும் பார்த்து காலனி கால நோட்டு என்று விற்றால் வாங்க வேண்டாம்.

அடுத்தது ஜப்பான் ஆக்கிரமிப்பு நோட்டுகள். சில நூறு ரூபாயில் உண்மையான போர்க்கால நோட்டு வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. 1942-இல் ஜப்பானியப் படை நியூகினி, சாலமன், கில்பர்ட் தீவுப் பக்கம் இறங்கியபோது அங்கே புழங்குவதற்கென்று அடித்தவை. அரை ஷில்லிங் ஊதா, ஒரு ஷில்லிங் நீலம், பத்து ஷில்லிங் பழுப்பு, ஒரு பவுண்டு பச்சை, ஆக நான்கே நோட்டில் தொகுதி முடிந்துவிடும். வரிசை எண் இருக்காது, சிவப்பு எழுத்துகள் மட்டும் இருக்கும். அந்த முதல் எழுத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆங்கில ஓ என்றால் ஓசியானியா, அதாவது பசிபிக் தீவுகள், எம் என்றால் மலாயா, பி என்றால் பர்மா. பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் திரும்பிய குடும்பங்கள் நம் ஊர்ப்பக்கம் நிறைய உண்டு என்பதால் எம், பி நோட்டுகள் இங்கே பழைய பெட்டிகளில் சாதாரணமாகக் கிடைக்கும், அவற்றையே பசிபிக் நோட்டு என்று சொல்லி நீட்டுகிறவர்களும் உண்டு. ஷில்லிங், பவுண்டு என்று எழுதியிருக்கிறதா, எழுத்து ஓவில் தொடங்குகிறதா, இரண்டும் சரி என்றால் மட்டும் காசை எடுங்கள்.

நோட்டைப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டின் ஓரக் கோடுகளை அதில் பாருங்கள். அசலில் கோடு கோடாகவே இருக்கும், இப்போதைய பிரிண்டரில் எடுத்த நகல் என்றால் கோடு உடைந்து வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். அப்புறம் டியூப் லைட்டுக்குக் கீழே நோட்டைச் சாய்த்துப் பிடித்தால், அழுத்தி நீவிய மடிப்புக்கூட நிழலாகக் காட்டிக்கொடுக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் ஊசித் துளைகள் தெரியும். கடைசியாகப் புற ஊதா டார்ச், கடைகளில் ரூபாய் நோட்டு சோதிக்க வைத்திருப்பார்களே அதேதான். போர்க்காலத்துக் காகிதம் அதில் மங்கலாகத்தான் இருக்க வேண்டும், நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் காகிதம் பிற்காலத்தது, அல்லது யாரோ சலவைத்தூள் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். நான்கு ஓரமும் ஒரே அளவு வெள்ளை விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், கிழிந்த ஓரத்தை வெட்டி நேராக்கி விற்பது பழைய தந்திரம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபிஜியின் 1942 ஒரு பென்னி நோட்டு. போரினால் சில்லறை தட்டுப்பாடு வந்து, ஒரு பென்னிக்கே காகிதம் அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சின்ன நோட்டிலேயே பென்னிக் காசின் படமும் இருக்கும். வசதி வந்ததும் ஒரு நிஜப் பென்னியையும் சேர்த்து வாங்குங்கள், 1934 முதல் ஃபிஜி பென்னிக்கு நடுவில் துளை உண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

ஹவாய் என்று மேலே அச்சிட்ட அமெரிக்க ஒரு டாலரும் நல்ல தேர்வு. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, தீவு ஜப்பான் கைக்குப் போனால் அங்கிருக்கும் நோட்டுகளை மட்டும் செல்லாது என்று அறிவிக்க வசதியாக, 1942-இல் தனியாக வெளியிட்டார்கள். அமெரிக்கக் கருவூலத்தின் வட்ட முத்திரை பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும், பின்பக்கம் ஹவாய் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பிரெஞ்சுத் தீவு நோட்டுகளைப் பொறுத்தவரை நூமேயா (நியூ கலிடோனியா), பப்பீத்தே (தாஹித்தி) என்று எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்துத் தீவைப் பிரித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது பிக் எண்ணை, அதாவது உலக நோட்டுப் பட்டியல் நூலில் அந்த நோட்டுக்குக் கொடுத்த எண்ணைக் கேளுங்கள், உலகம் முழுக்க நோட்டுகளை அந்த எண்ணால்தான் குறிப்பிடுவார்கள். அதே எண், அதே தேதி, அதே தரத்தில் முன்பு ஏலத்தில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை ஆசை மட்டும்தான். தரத்தைப் பொறுத்தவரை, ஒரு மடிப்புகூட இல்லாத யுஎன்சிக்கும் நாலைந்து மடிப்புள்ள விஎஃப்புக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு போகும். விஎஃப்பே போதும் என்பது என் கருத்து, கைமாறிய தடம் இல்லாத நோட்டில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சேலம் சமவெளியில் வெயில்தான் எதிரி, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் நிறம் வெளுக்கும். மேலே, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில், மழை மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும், பீரோவில் வைத்த புடவையே பூசணம் பிடிக்கும்போது எண்பது வயதுக் காகிதம் என்ன ஆகும்? காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடுங்கள். உறை பாலியெஸ்டராக இருக்கட்டும். புது மழைக்கோட்டு மாதிரி வாடை அடிக்கிற பிவிசி உறை நாளாவட்டத்தில் நோட்டில் ஒட்டிப் பிசுபிசுக்கும். அந்துருண்டை, செல்லோ டேப், லேமினேஷன் மூன்றும் கூடவே கூடாது. கழுவவோ இஸ்திரி போடவோ வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் பதிவுத் தபாலில், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள், சேகரிப்புக்கான பழைய நோட்டு என்று விவரச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பில் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே போன் கேமராவில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள், நோட்டு மாறி வந்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க அது உதவும்.