விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலை எதிரிக்கு உண்டா? நீதிமன்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பவ நாளில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சித்தசுவாதீனம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. இன்று வழக்கைப் புரிந்துகொண்டு தன் தரப்பை எடுத்துச் சொல்ல அவரால் முடியுமா என்பது வேறொரு கேள்வி. முதலாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு (பழைய இ.பி.கோ. 84). இரண்டாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகள் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 328, 329). மருத்துவப் பரிசோதனை கேட்கும் மனுவிலேயே இரண்டையும் கலந்து எழுதிவிட்டால், மருத்துவர் சம்பவ நாளைப் பற்றி அறிக்கை அனுப்புவார். நீதிமன்றம் தேடும் விடை அதில் இருக்காது.

நோயின் பெயரை வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. மனச்சிதைவு நோய் உள்ள பலர் மருந்து எடுத்துக்கொண்டு வழக்கைத் தெளிவாக நடத்துகிறார்கள். அறிக்கை சொல்ல வேண்டியவை இவை: தன்மீதுள்ள குற்றச்சாட்டு என்னவென்று தெரிகிறதா, நீதிபதி யார், அரசு வழக்கறிஞர் யார், தன் வழக்கறிஞர் யார் என்று பிரித்தறிகிறாரா, நடந்ததைத் தன் வழக்கறிஞரிடம் கோவையாகச் சொல்ல முடிகிறதா, சாட்சி சொல்வதைப் பின்தொடர்கிறாரா, தண்டனை கிடைத்தால் என்ன ஆகும் என்று புரிகிறதா. இவற்றை அவருடைய தாய்மொழியில் கேட்க வேண்டும். தூக்க மருந்தின் மயக்கத்தில் இருப்பவரைப் பரிசோதித்துவிட்டுத் தகுதியில்லை என்று எழுதுவதும், கூண்டில் அமைதியாக நிற்கிறாரே என்று தகுதி உண்டு என முடிவுகட்டுவதும் ஒரே அளவு ஆபத்தானவை. சம்பவத்தைப் பற்றி அவர் சொன்னதை இந்த அறிக்கையில் சேர்க்கக் கூடாது. கேட்கப்பட்டது அதுவல்ல, அது அவருக்கு எதிராகவே திரும்பக்கூடும்.

ஓ.பி. சீட்டை மட்டும் வைத்து உத்தரவு போடக் கூடாது. குற்றவியல் நடுவர் முன் நடக்கும் விசாரணையில், பரிசோதித்த மருத்துவரைச் சாட்சியாக விசாரித்து அதை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது 367-ஆம் பிரிவு.

மிக அதிகமாகத் தவறவிடப்படுவது முகாந்திரப் பரிசீலனை, அதாவது வழக்கை நடத்த மேலோட்டமான அடிப்படையாவது இருக்கிறதா என்று பார்ப்பது. எதிரியால் எதிர்வாதம் செய்ய இயலாது என்று தெரிந்ததும் வழக்கை ஒத்திவைத்துவிடுகிறார்கள். அதற்கு முன், எதிரியைக் கேள்வி கேட்காமல், அவருடைய வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்டு, அரசுத் தரப்பு ஆவணங்களைப் பார்க்க வேண்டும். முகாந்திரம் இல்லையென்றால் அன்றே விடுவிக்க வேண்டும். எதிரியின் வழக்கறிஞர் இதை வற்புறுத்திக் கேட்காமல் விடுவது பெரிய இழப்பு.

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு வாய்தா மேல் வாய்தா கொடுப்பதில் பயனே இல்லை. மருந்தால் மாறும் நிலை அல்ல அது. எதிர்வாதம் செய்ய அவரால் இயலாது என்று கண்டால், விசாரணையை அத்துடன் முடித்துவைத்து 369-ஆம் பிரிவின்படி செயல்படச் சட்டமே சொல்கிறது.

அந்த 369, ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்கும் பொருந்தும். உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை என்றால், தொடர் சிகிச்சைக்கும் யாருக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வதற்கும் உறவினரோ நண்பரோ உறுதி கொடுத்து ஜாமீன் கேட்கலாம். குடும்பத்தாருக்கு இதை யாரும் சொல்வதில்லை. அசாமில் 1951-இல் கைதான ஒருவர், விசாரணையே இல்லாமல் 2005-இல்தான் வெளியே வந்தார். சிகிச்சைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று மருத்துவரிடம் எழுத்தில் பெற்று, அடுத்த தேதியை அதன்படி குறிக்கக் கேளுங்கள்.

குணமானார் என்ற சான்றிதழ் வந்தாலும் விசாரணை தானாகத் தொடங்கிவிடாது. அந்தச் சான்றிதழ் ஒரு சாட்சியம். எதிரியை நேரில் வரவழைத்து, இப்போது அவரால் எதிர்வாதம் செய்ய முடியும் என்று நீதிமன்றம் 371-இன்படி கருதிய பிறகே வழக்கைத் தொடர வேண்டும்.