என்டிஏ மெடிக்கல்: ஊரிலேயே சரிசெய்திருக்க வேண்டியவை

எஸ்எஸ்பி-யின், அதாவது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் நேர்காணலின், ஐந்தாம் நாள் கான்ஃபரன்ஸ் முடிந்ததும், தேர்வானவர்களின் செஸ்ட் எண்களை (மார்பில் அணிந்திருக்கும் எண்களை) வாசிப்பார்கள். எண் வந்த பையன் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வரும்: அன்று இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். போபாலோ பெங்களூரோ பிரயாக்ராஜோ, தேர்வானவர் அங்கேயே தங்கி ராணுவ மருத்துவமனையில் மெடிக்கல் முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். நான்கைந்து நாள் ஆகும், இடையில் விடுமுறை வந்தால் இன்னும் கூடும். மாற்றுத்துணி இல்லை, கையில் பணம் குறைவு, பழைய ஆபரேஷன் பேப்பர்கள் ஊரில் அலமாரியில்.

டிக்கெட் சின்ன விஷயம்தான். ஆனால் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதாவது என்டிஏ-வுக்கு விண்ணப்பிக்கும் பலர் மெடிக்கலைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதை அது காட்டிவிடும். எழுத்துத் தேர்வுக்கு ஒரு வருடம், எஸ்எஸ்பி-க்குப் பல மாதம், மெடிக்கலுக்கு மட்டும் ‘அது அப்புறம் பார்த்துக்கலாம்’. இங்கே பலரைத் திருப்பி அனுப்புவது பெரிய நோய் இல்லை. ஊரில் இருக்கும்போதே, அவகாசம் இருந்தபோதே சரிசெய்திருக்கக்கூடிய சில்லறைக் குறைகள்தான்.

இதைத் தேர்வை நடத்தும் யுபிஎஸ்சி மறைக்கவும் இல்லை. காது அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, ஹைட்ரோசீல் (விரையில் நீர் சேர்வது), வெரிகோசீல் (விரைப்பை ரத்தக்குழாய் வீக்கம்), எடை கூடுதல், எடை குறைவு, மூலம், டான்சில், ஆண்களுக்கு மார்பு பெருத்திருப்பது என்று பட்டியல் போட்டு, வருமுன்னே சரிசெய்துகொள்ளுங்கள் என்று அறிவிக்கையிலேயே அறிவுரை இருக்கிறது. தேர்வுத் தேதியும் பாடத்திட்டமும் பார்த்துவிட்டு மூடிவிடுவதால் கடைசிப் பக்கங்களில் உள்ள மருத்துவப் பின்னிணைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனி விதிகள் அங்கே உள்ளன. விண்ணப்பித்த அன்றே அதைப் படித்துவிட வேண்டும். ஒவ்வொரு வருட அறிவிக்கையிலும் சிறு மாற்றங்கள் வரலாம் என்பதால் அண்ணன் எழுதிய வருடத்துப் பிடிஎஃப் போதாது.

எடை: ஊர் டாக்டரின் நார்மல் வேறு, மெடிக்கல் போர்டின் நார்மல் வேறு

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. 170 செ.மீ. உயரம், 68 கிலோ எடை உள்ள ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ எண் 23.5. நெட்டில் உள்ள எந்தக் கணக்குப் பெட்டியும் ‘நார்மல்’ என்று பச்சை விளக்குக் காட்டும். ஆனால் ராணுவத்தின் உயர-எடை அட்டவணையில் 17 முதல் 20 வயது வரை, 170 செ.மீ. உயரத்துக்கு மேல் வரம்பு 63.6 கிலோ. கணக்குப் போட்டால் அது பிஎம்ஐ 22 தான். ஆக, இந்தப் பையன் நாலு கிலோவுக்கு மேல் கூடுதல். கீழ் வரம்பு அதே உயரத்துக்கு 49.1 கிலோ. ஒல்லியாக இருப்பவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜிம்முக்குப் போய் உடம்பேற்றியவர்கள் ‘இது தசை, கொழுப்பு இல்லை’ என்பார்கள். விதியில் அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் குறுகலானது. மல்யுத்தம், குத்துச்சண்டை, பாடிபில்டிங் போன்றவற்றில் இருப்பதற்கான ஆவணம் வேண்டும். அதோடு பிஎம்ஐ 25-க்குள்ளும், ஆண்களுக்கு இடுப்பு-புட்டம் விகிதம் 0.9-க்குள்ளும், இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.-க்குள்ளும் இருக்க வேண்டும். சும்மா ஆறு மாதம் டம்பெல் தூக்கியதற்கு இந்தச் சலுகை கிடைக்காது.

இதைவிட மோசமான தவறு, கடைசி நான்கு நாளில் தண்ணீர் குடிக்காமல் எடையை இறக்கப் பார்ப்பது. எடை ஒரு கிலோ குறையலாம். ஆனால் நாடித்துடிப்பு ஏறும், சிறுநீர்ப் பரிசோதனை கெடும், வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு நிறைந்த சிறுநீர்ப்பை கேட்பார்கள், அதற்கும் வழியிருக்காது. நாலு கிலோ குறைக்க இரண்டு மாதம் போதும். அந்த இரண்டு மாதத்தை எஸ்எஸ்பி-க்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கண்

கண்ணாடி போட்டிருந்தாலே ராணுவம் கிடையாது என்பது நம் ஊரில் பரவலாக உள்ள பழைய நம்பிக்கை. தரைப்படையில் கண்ணாடியோடு 6/6 தெரிந்தால், கிட்டப்பார்வை சிலிண்டரையும் சேர்த்து மைனஸ் 2.5-க்குள் இருந்தால், வழி உண்டு. விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குக் கிட்டப்பார்வையே கூடாது. அதனால் முதலில் செய்ய வேண்டியது, பவர் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப எந்தப் படையை முதல் விருப்பமாகப் போடுவது என்று முடிவெடுப்பது. மைனஸ் 1.5 வைத்துக்கொண்டு விமானி ஆவதை மட்டுமே கனவு காண்கிற பிள்ளைகளைப் பார்க்கையில், ஒரு கண் டாக்டரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றும்.

அடுத்தது லேசிக், அதாவது லேசரால் கண் பவரை நீக்கும் அறுவை. ‘பவரை எடுத்துவிட்டால் தீர்ந்தது’ என்று 18 வயதில் பிள்ளைக்கு அறுவை செய்ய வைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். லேசிக் ஏற்கப்படும் நுழைவுகளில்கூட அறுவை செய்தபோது 20 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு காத்திருப்புக் காலம் உண்டு, கண்விழியின் நீளம் 26 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். என்டிஏ-வில் சேரும் வயதே பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். கணக்கு உதைக்கிறது பாருங்கள். பட்டம் முடித்து சிடிஎஸ் என்ற அதிகாரித் தேர்வை எழுதி, சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ பயிற்சி அகாடமிக்கோ டேராடூன் ராணுவ அகாடமிக்கோ போக நினைப்பவர்களுக்குத்தான் லேசிக் பற்றிய யோசனை பொருந்தும். 18 வயதில் செய்துகொண்டால் அந்தக் கதவையும் சேர்த்து அடைத்ததாகிவிடும்.

நிறக்குறைபாட்டைச் சோதிக்க, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தின் எண்களை மனப்பாடம் செய்து போகிறவர்களும் உண்டு. பக்கங்களை மாற்றிக் காட்டுவார்கள், சந்தேகம் வந்தால் விளக்கு வைத்தும் சோதிப்பார்கள். பிறவியில் வருகிற இந்தக் குறையைச் சரிசெய்ய மருந்து கிடையாது. பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டால் வேறு வழி பார்க்க நேரமிருக்கும் என்பதுதான் முன்கூட்டிய சோதனையின் பயன்.

காது, மூக்கு, பல்

காதில் அழுக்கு அடைத்திருந்தால் டாக்டரால் செவிப்பறையைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாவிட்டால் ‘ஃபிட்’ என்று எழுத முடியாது. விஷயம் இவ்வளவு எளிது, இருந்தும் ஒவ்வொரு குழுவிலும் யாராவது இதில் மாட்டுவார்கள். முந்தைய இரவு பட்ஸ் விட்டுக் குடைவது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும், தோலையும் கீறும். எஸ்எஸ்பி-க்குக் கிளம்பும் முன் ஒரு இஎன்டி டாக்டரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். செவிப்பறையில் ஓட்டை ஏதும் உண்டா என்பதும் அதே சமயத்தில் தெரிந்துவிடும்.

மூக்குத் தண்டு விஷயத்தில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கிறது. ஸ்கேனில் ‘லேசான வளைவு’ என்று வந்ததும் பயந்து அறுவை செய்துகொள்கிறார்கள். கொஞ்சம் வளைவு பெரும்பாலோருக்கு இருக்கும். மூச்சு தாராளமாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. எந்த அறுவைக்கும் ஆறும் காலம் என்று ஒன்று விதியில் உண்டு, சிலவற்றுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள். தேவையில்லாத அறுவை செய்துகொண்டு, தழும்பு ஆறாத நிலையில் போர்டு முன் நிற்பது வலியக் கேட்டு வாங்கிய வினை. ‘ராணுவ மெடிக்கல் பேக்கேஜ்’ என்று விளம்பரம் செய்பவர் அறுவை அவசியம் என்றால், அந்த விளம்பரம் இல்லாத இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

பல்லுக்கு மதிப்பெண் உண்டு என்பது பலருக்கு ஆச்சரியம். 32 பல்லும் நன்றாக இருந்தால் 22 புள்ளி, குறைந்தது 14 வேண்டும். சொத்தையை அடைத்து, கறையை எடுத்துவிட்டுப் போனால் போதும்.

எலும்பும் பச்சையும்

தட்டைப் பாதமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாதத்தை நனைத்துச் சிமெண்டுத் தரையில் அழுத்தி எடுங்கள். உட்பக்க வளைவு இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் கவனிக்க வேண்டும். உடனே மனம் உடைய வேண்டாம். நுனிக்காலில் நிற்கும்போது அந்த வளைவு திரும்ப வருகிறதென்றால், பாதம் வலியில்லாமல் நன்றாக வளைந்து கொடுத்து, நுனிக்காலில் ஓடவும் குதிக்கவும் முடிகிறதென்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் விதி சொல்கிறது.

முழங்கால் முட்டுவதில், முழங்கால்களைச் சேர்த்து நிற்கும்போது கணுக்கால்களுக்கு இடையே 5 செ.மீ.-க்கு மேல் இடைவெளி கூடாது. கையை நீட்டினால் முழங்கையிலிருந்து வெளிப்பக்கம் விலகும் கோணம் ஆண்களுக்கு 15 டிகிரி வரை. ‘பத்தே நாளில் சரியாகும்’ என்று வரும் வீடியோக்களை நம்பி மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை, எலும்பின் அமைப்பு அப்படி மாறாது. தொடைச் சதையால் கால் முட்டுவது போலத் தெரிந்தால் எடை குறைக்கையில் அது சரியாகும். ஓர் எலும்பு மருத்துவரிடம் அளந்து பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். பழைய முறிவுக்கு வைத்த பிளேட் உள்ளேயே இருந்தால் அதையும் இப்போதே விசாரியுங்கள்.

பச்சை குத்துவதில் விதி தெளிவு. முழங்கையின் உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உள்முகம், அப்புறம் புறங்கை. இந்த இடங்களில் மட்டும் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. மரபு வழக்கமாகக் குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்குத் தனி விலக்கு உண்டு. புஜத்தில் அம்மா பெயர், நெஞ்சில் குலசாமி பெயர் எல்லாம் உணர்ச்சிக்குச் சரி, போர்டுக்குச் சரிவராது.

விமானியாக விரும்புபவர்களுக்கு இன்னொரு அளவு: உயரம் 162.5 செ.மீ.-க்குக் குறையக் கூடாது, தொடை நீளம் 64 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது. விமானி அறைக்குள் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டவும் வேண்டும், முழங்கால் இடிக்கவும் கூடாது.

2022 முதல் என்டிஏ-வில் பெண்களும் சேர்கிறார்கள், முதல் குழு 2025 மே மாதம் வெளியேறியது. பெண்களுக்கு எடை அட்டவணை வேறு, முழங்கைக் கோணம் 18 டிகிரி வரை. மகப்பேறு மருத்துவரின் பரிசோதனையும் அடிவயிற்று ஸ்கேனும் இருக்கும். ரத்தசோகை இருந்தால் மாத்திரைக்கு நேரம் வேண்டும் என்பதால் ஹீமோகுளோபின் அளவை முன்பே பார்த்துவிடுவது நல்லது.

முந்தைய நாள் வீரம்

மெடிக்கலுக்கு முந்தைய மாலை பத்துக் கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டாம். கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு சிறுநீரில் தற்காலிகமாகப் புரதம் வரும். அதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட அன்று தூங்கிவிடுவது மேல். காலையில் இரண்டு காபி குடித்துவிட்டு நாடி ஏன் தொண்ணூற்றைத் தாண்டியது என்று கேட்பதும் இதே ரகம்.

மறைப்பது

பழைய நோய், அறுவை, வலிப்பு, ஆஸ்துமா, மனநலச் சிகிச்சை எல்லாவற்றையும் கேட்டு, நீங்களே எழுதிக் கையெழுத்திடும் படிவம் உண்டு. ‘சொல்லாதே, கண்டுபிடிக்க மாட்டார்கள்’ என்று சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் சொல்வார். தழும்பு சொல்லிவிடும், ஸ்கேன் சொல்லிவிடும். அப்போது தப்பினாலும், அகாடமியின் கடும் பயிற்சியில் நோய் வெளியே வந்தால் பொய்க் கையெழுத்து அங்கே காத்திருக்கும். ஆறிப்போன குடலிறக்க அறுவையை டிஸ்சார்ஜ் சம்மரியோடு முன்வைத்தால் பெரும்பாலும் அது ஒரு சாதாரண வரி. மறைத்துப் பிடிபட்டால் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது, ஆளைப் பற்றியதாக மாறிவிடும்.

‘அன்ஃபிட்’ என்று வந்தால்

பதற்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ன குறை என்று முழுதாகக் கேட்காமலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதல் போர்டின் முடிவு இறுதியானது இல்லை. தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு வகை உண்டு. பையன்கள் பேச்சில் டிஆர், பிஆர். இரண்டுக்கும் மேல்முறையீட்டு போர்டு உண்டு. தரைப்படைக்கு 42 நாள் கெடு, கட்டணம் வெறும் 40 ரூபாய். எந்த மருத்துவமனை, யாரிடம் எழுதிக் கொடுப்பது என்பதை போர்டின் தலைவரே சொல்வார், அங்கிருந்து கிளம்பும் முன் கேட்டுவிட வேண்டும். குறையின் பெயரை அவர்கள் எழுதியபடியே, எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் டாக்டரிடம் ‘வயித்துல ஏதோ சொன்னாங்க’ என்று நின்றால் அவர் எதற்கு மருந்து கொடுப்பார்?

42 நாளில் எடை குறையும், காது சுத்தமாகும், சின்ன அறுவை ஆறலாம். பெரிய அறுவை ஆறாது. விண்ணப்பித்த அன்றே தொடங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அந்த இடைவெளியில் வெளியே ஒரு நல்ல நிபுணரிடம் பரிசோதித்து அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அறிக்கை போர்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் குறை உண்மையிலேயே இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியும்.

மேல்முறையீட்டிலும் அன்ஃபிட் என்றால் மறுஆய்வு போர்டு. இது உரிமை இல்லை. விண்ணப்பத்தைப் பார்த்து, தகுதி இருந்தால் மட்டுமே அனுமதி தருவார்கள். தள்ளிப்போடாமல் உடனே கேட்க வேண்டும். இதற்கு நடுவில் ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று பணம் கேட்டு யாராவது போன் செய்வார்கள். எடுக்காதீர்கள்.

அதுவும் போய்விட்டால்கூட அந்தத் தாள்களைத் தூக்கி எறிய வேண்டாம். நிறக்குறைபாடு போன்ற மாறாத குறை என்றால் அடுத்த வருடம் அதே வாசலில் நிற்பதில் பொருளில்லை. வெரிகோசீல் போலச் சரிசெய்யக்கூடியது என்றால், அறுவை முடித்து விதிப்படியான காலம் கடந்ததும், வயது இருந்தால் என்டிஏ-வையே மறுபடி எழுதலாம், இல்லையென்றால் சிடிஎஸ் இருக்கிறது. அங்கேயும் பழைய அறுவை பற்றிக் கேட்பார்கள். அப்போது இந்தக் காகிதங்கள் வேண்டியிருக்கும்.