‘ஏதாவது நல்ல படம் சொல்லேன்’ என்று கேட்டால்

மாமா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை அத்தை போன் செய்து, “ராத்திரியில தூக்கமே வரல, ஏதாவது நல்ல படம் இருந்தா சொல்லேன்” என்றார். நான் முந்தின நாள்தான் ஒரு படம் பார்த்திருந்தேன். அதிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. நடிப்பு, ஒளிப்பதிவு, அந்தக் கடைசிக் காட்சி என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசிவிட்டு, “கண்டிப்பா பாருங்க அத்தை, மிஸ் பண்ணிடாதீங்க” என்று முடித்தேன். படுக்கையில் விழுந்த மனைவியை வயதான கணவர் கடைசிவரை பார்த்துக்கொள்வதுதான் படம் முழுக்க. யாரிடம் போய் இதைச் சொன்னோம் என்பது போனை வைத்து அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் “நல்லாத்தான் இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னிடம் படமே கேட்கவில்லை.

அது நல்ல படம்தான், இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அத்தை கேட்டது சிபாரிசு, நான் கொடுத்தது கருத்து. அங்கேதான் பிசகியது. கருத்து சொல்லும்போது என் ரசனை, என் மனநிலை, நான் அழுத இடம் எல்லாம் வரலாம். சிபாரிசு என்றால் எதிரில் இருப்பவரின் இன்றைய ராத்திரிதான் கணக்கு. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. எப்படிச் செய்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் கருத்து. படம் முடிந்து எழுத்து ஓடும்போதே “எப்படி?” என்று யாராவது கேட்பார்கள். அப்போது வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஓர் அனுபவத்தை நாம் பெரும்பாலும் அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்துத்தான் நினைவில் எடைபோடுகிறோம் என்று உளவியலாளர் டேனியல் கானமன் தன் கூட்டாளிகளோடு சோதனை செய்து காட்டியிருக்கிறார். சினிமாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒன்றரை மணி நேரம் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம், கடைசி இருபது நிமிடம் தூக்கி நிறுத்திவிடும், “செம படம்” என்று எழுந்து வருவோம். நம் பேச்சைக் கேட்டுப் போகிறவருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே!

அதனால் மறுநாள் காலையில் ஒரு நோட்டில் மூன்று விஷயங்கள் எழுதுகிறேன். நானாக நினைக்காமலே மனதில் வந்து நின்ற காட்சி எது? எந்த இடத்தில் மணி பார்த்தேன், அல்லது போனை எடுத்தேன்? யாருடைய முகம் ஞாபகத்துக்கு வந்தது, அதாவது படம் ஓடும்போதே ‘இதை இவள் பார்க்க வேண்டுமே’ என்று தோன்றியது யாரைப் பற்றி? மூன்றாவதுக்குப் பதில் இருந்தால் பாதி சிபாரிசு அங்கேயே முடிந்தது. நட்சத்திரம், பத்துக்கு எத்தனை என்பதையெல்லாம் நோட்டில் போடுவதில்லை. போட்டால் அப்புறம் அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

சரி, இப்போது ஒருவர் “ஏதாவது படம் சொல்லு” என்கிறார். இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் கண் பரிசோதனை செய்பவள். பவர் பார்க்கும்போது யாரிடமும் “உங்களுக்கு எப்படித் தெரியணும்?” என்று கேட்பதில்லை. கேட்டால் “நல்லாத் தெரியணும்” என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு லென்ஸைப் போடுவேன், அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவேன். “இது தெளிவா, முன்னாடி போட்டதா?” அவ்வளவுதான் கேள்வி. பதிலைப் பார்த்து அடுத்த ஜோடி. “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்று அலுத்துக்கொள்ளும் கட்டம் வரும்போது கிட்டத்தட்ட சரியான பவருக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

படத்துக்கும் இதே கேள்விதான். “உனக்கு என்ன மாதிரி படம் பிடிக்கும்?” என்று கேட்டால் எல்லாரும் தங்களைப் பற்றித் தாங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் சொல்வார்கள். ஜோடியாகக் கேளுங்கள். திரில்லர் பிடிக்கும் என்கிறவரிடம், கொலைகாரன் யார் என்று கடைசியில் தெரிய வேண்டுமா, முதலிலேயே தெரிந்து அவன் எப்படி மாட்டுகிறான் என்று பார்க்க வேண்டுமா என்று கேட்பேன். இரண்டுக்கும் பெயர் திரில்லர்தான், ஆனால் ஒன்றை ரசிப்பவருக்கு இன்னொன்று சப்பென்று இருக்கலாம். காமெடி என்றால், ஆட்கள் வாயால் சிரிக்க வைப்பதா, சூழ்நிலையில் மாட்டிக்கொண்டு முழிப்பதா? சோகம் பரவாயில்லை என்றால், அழுது முடித்து லேசாவது வேண்டுமா, இரண்டு நாள் கனமாகவே இருந்தாலும் சரியா?

இன்னொரு கேள்வி இதைவிட வேகமாக வேலை செய்யும்: கடைசியாகப் பாதியில் நிறுத்திய படம் எது? பிடித்த படம் எதுவென்று கேட்டால் கொஞ்சம் மரியாதையான பதில் வரும். பாதியில் நிறுத்தியதைச் சொல்லும்போது யாரும் பொய் சொல்வதில்லை. ரத்தம் தாங்கவில்லை, ஆள் யார் யாரென்றே புரியவில்லை, எல்லாரும் கத்திக்கொண்டே இருந்தார்கள் என்று காரணமும் கூடவே வரும். என் நோட்டில் சிலர் பெயருக்குக் கீழே அவர்கள் நிறுத்திய படங்கள்தான் இருக்கின்றன, பிடித்தவை இல்லை.

அப்புறம் சூழ்நிலை. தனியாகப் பார்க்கிறாரா, குழந்தைகளோடா, மாமியாரோடா? போன் திரையிலா, பெரிய திரையிலா? படத்தின் மொழி தெரியாதென்றால் சப்டைட்டில் படிக்கத் தயாரா? நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வருகிறவருக்கு ராத்திரி பத்து மணிக்கு இரண்டு மணி நேரம் எழுத்துக் கூட்டிப் படிப்பது தண்டனை. இதை நான் கண் பார்ப்பவளாகவும் சொல்கிறேன்.

எங்கள் கிளினிக்கில் கணக்கு பார்க்கும் நண்பரிடம் இதையெல்லாம் கேட்காமல் ஒருமுறை அசடு வழிந்தேன். ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் இதழ் 1952-லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் உலகின் சிறந்த படங்கள் எவை என்று வாக்கெடுக்கிறது. 2022-ல் முதலிடம் பிடித்தது ஷான்டல் அகெர்மன் 1975-ல் எடுத்த ‘ழான் டீல்மன்’. அந்தத் தகவலை மட்டும் அவரிடம் சொல்லி, “நம்பர் ஒன் படமாம், பாருங்க” என்றேன். படத்தின் நீளம் 201 நிமிடம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டு வேலை. உருளைக்கிழங்கு தோல் சீவுவதைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அலுப்பும் ஒழுங்கும் நமக்குள் இறங்கினால்தான் மூன்றாம் நாள் அவள் கை தடுமாறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கு அடித்துக்கொண்டது. நண்பர் திங்கட்கிழமை வந்து, “ஏங்க, நீங்க சொன்ன படத்துல அந்தம்மா என்ன சமைச்சு முடிச்சாங்க?” என்று கேட்டார். இருபத்தைந்து நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறார். “மூன்றேகால் மணி நேரத்துக்கு மேலே ஓடும், ரொம்ப மெதுவாகப் போகும், அந்த மெதுவிலேதான் விஷயமே இருக்கிறது, லீவு நாளில் போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்” என்று சொல்லியிருந்தால், ஒன்று அவர் தொட்டிருக்க மாட்டார், இல்லை முழுக்கப் பார்த்திருப்பார். இரண்டுமே எனக்குச் சம்மதம்.

ஆக, படத்தின் பெயரோடு நீளத்தையும் நிமிடத்தில் சொல்லுங்கள். வேகம் எப்படி என்று சொல்லுங்கள். “ஸ்லோ” என்ற ஒற்றை வார்த்தை உதவாது. “முதல் 40 நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்காது, அப்புறம் பிடித்துக்கொள்ளும்” என்றால் கேட்பவர் பொறுத்திருப்பார். கதையில் முதல் கால் மணி நேரத்துக்குள் வருவதை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். அதற்கு மேல் போனால் நாக்கு தானாக இடைவேளை வரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

எது குத்தும் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். அத்தை விஷயத்தில் நான் முழுங்கியது இதைத்தான். ஆஸ்பத்திரி, குழந்தைக்கு ஆபத்து, தற்கொலை, பாலியல் வன்முறை, செல்லப் பிராணி சாவது. கேட்பவரின் சமீபத்திய வாழ்க்கை தெரிந்தால் அதற்கேற்ப. தெரியாவிட்டால் பொதுவாக ஒரு வரி. ‘நாய் செத்துப்போகுமா’ என்பதையே பெயராக வைத்து ‘டஸ் தி டாக் டை’ என்ற இணையதளம் இருக்கிறது. ஒரு படத்தில் நாய் பிழைக்குமா, ஊசி குத்தும் காட்சி உண்டா என்று பார்த்தவர்களே பதிவு செய்கிறார்கள். முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். இப்போது யாருக்காவது சொல்லும் முன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன். நாம் பார்த்து இரண்டு மாதம் ஆன படத்தில் இதெல்லாம் மறந்துபோயிருக்கும்.

இப்படி எச்சரித்தால் கதை உடைந்துவிடாதா என்பார்கள். உடையும் இடமும் உண்டு. 1960-ல் ‘சைக்கோ’ என்ற திகில் படம் வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் திரையரங்குகளைக் கட்டாயப்படுத்தினார். தாமதமாக வந்து உட்கார்ந்தால் கதாநாயகி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதே காரணம். (ஏன் தேடுவார்கள் என்று இங்கே சொல்ல மாட்டேன், அறுபது வருடத்துக்கு மேல் ஆனாலும்.) இன்னொரு பக்கம், 2011-ல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் பெரும்பாலும் கூடுதலாக ரசித்திருந்தார்கள். அது சிறுகதை, இது சினிமா. ஆனாலும் ஒரு விஷயம் நிச்சயம்: “ஆஸ்பத்திரிக் காட்சிகள் நிறைய வரும்” என்று சொன்னதால் எந்தப் படமும் கெட்டுப்போனதில்லை. “கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு, நான் சொல்ல மாட்டேன்” என்று கண்ணடிப்பதுதான் கெடுக்கும். அதைக் கேட்டவர் முதல் காட்சியிலிருந்தே துப்பறிய ஆரம்பித்துவிடுவார். ட்விஸ்ட் இருப்பதைச் சொன்னதும் ஸ்பாய்லர்தான்.

மதிப்பெண்ணைக் காட்டி ஒரு படத்தைத் தலையில் கட்டுவதும் வேண்டாம். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 95 சதவீதம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மார்க் என்றே பலர் நினைக்கிறார்கள். அது நல்லவிதமாக எழுதிய விமர்சகர்களின் விகிதம், அவ்வளவுதான். எல்லாரும் “பரவாயில்லை, ஒருதரம் பார்க்கலாம்” என்று எழுதினாலும் 100 சதவீதம் வந்துவிடும். பாதிப் பேர் உயிரைக் கொடுத்துப் பாராட்டி, மீதிப் பேர் கிழித்துத் தொங்கவிட்ட படம் 50-ல் நிற்கும். எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் என்பதால் கொஞ்சம் கோபத்தோடே சொல்கிறேன்.

ஒரே நேரத்தில் ஒரு படம் சொல்லுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. ஏழு பெயரை வரிசையாக அனுப்பினால் அவர் ஒன்றையும் பார்க்க மாட்டார். சொன்ன பிறகு “பாத்தாச்சா, பாத்தாச்சா” என்று துரத்தாதீர்கள். கடன் கொடுத்தவர் மாதிரி ஆகிவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்து, நமக்குப் பிடித்த காட்சி வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பது அதைவிட மோசம். என் கணவர் இதற்காகவே என்னோடு நான் ஏற்கெனவே பார்த்த படங்களைப் பார்ப்பதில்லை.

அவருக்குப் பிடிக்கவில்லை என்றால்? “உனக்குப் புரியல” என்ற பதில் மட்டும் வாயில் வரவே கூடாது. எந்த இடத்தில் விட்டுப்போனது என்று கேளுங்கள். அது அடுத்த சிபாரிசுக்கு அடுத்த லென்ஸ். சில சமயம் அவர் சொல்வதைக் கேட்டு என் கருத்தே மாறியிருக்கிறது. ஒரு படத்தின் வசனத்தை நான் புகழ்ந்தபோது என் மகள், “அதுல இருக்கிற பொம்பளைங்க யாராவது ஒரு முழு வாக்கியம் பேசினாங்களாம்மா?” என்றாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த வசனம் என்று நான் குறித்து வைத்திருந்தவை எல்லாமே ஆண்கள் பேசியவை.

போன மாதம் அத்தை போன் செய்தார். படம் கேட்கத்தான் என்று நினைத்து நோட்டை எடுத்தேன்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் ஒரு படம் பாத்தேன், உனக்குச் சொல்றேன், எழுதிக்கோ” என்றார். “ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். மொதல் அரை மணி நேரம் கொஞ்சம் இழுக்கும், எழுந்து போயிடாதே. நடுவுல ஒரு நாய் வரும். அதுக்கு ஒண்ணும் ஆகாது.”