பேக்ஹேண்டைக் கெட்ட வார்த்தை ஆக்காதீர்கள்

போன ஞாயிறு காலை, பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு மைதானம். புதிதாகப் பேஸ்பால் பயிற்சி கொடுக்க வந்த தம்பி ஒருவர், ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில், நின்ற பையனைப் பார்த்து, "பந்துக்கு முன்னால போடா, முன்னால போ!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வார்த்தையை அதே சுருதியில் கத்தியவன் நான்.

பந்தைப் பார், முட்டியை மடக்கு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன். பேக்ஹேண்ட் என்றால், கிளவ் (பந்து பிடிக்கும் கையுறை) போட்ட கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி மறுபக்கம் வரும் பந்தைப் பிடிப்பது. கீழே இருப்பது அதைச் சொல்லித்தருவதிலும் செய்வதிலும் நடக்கிற தப்புகள்; வலது கையால் எறிந்து, இடது கையில் கிளவ் போடுகிற பிள்ளைகளுக்கு.

எல்லாப் பந்துக்கும் முன்னால் போகச் சொல்வது

பந்து வருகிற பாதையில் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வது கிரிக்கெட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே மண்டி போட்டு, காலை அணையாக வைத்துப் பந்தை மறித்தால் நல்ல ஃபீல்டிங். பேஸ்பாலில் மறித்தால் மட்டும் போதாது. அடித்தவன் 90 அடி ஓடி ஃபர்ஸ்ட் பேஸைத் தொடுவதற்குள் பந்து அங்கே போயாக வேண்டும். நன்றாக ஓடுகிறவனுக்கு அதற்கு நாலரை வினாடிகூட ஆகாது.

ஷார்ட்ஸ்டாப்புக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் ஓடுகிற கிரவுண்டரை, அதாவது தரையோடு வரும் பந்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டுமென்றால், கை நீட்டிப் பிடிப்பதைவிட இரண்டு மூன்று அடி கூடுதலாக ஓட வேண்டும். போய்ச் சேரும்போது கால்கள் பின்னிக்கொள்ளும். உடம்பு ஃபவுல் கோட்டுப் பக்கம் (தேர்ட் பேஸ் வழியாகப் போகும் ஓரக்கோடு) பாய்ந்துகொண்டிருக்கும், எறிய வேண்டியதோ நேர் எதிர்ப்பக்கம். அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் 120 அடிக்குக் குறையாது.

என் அணியில் ஒரு பையன். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒரு ரன் முன்னிலை, செகண்டிலும் தேர்டிலும் எதிரணி ஆட்கள். அவனுக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளிப் பந்து வந்தது. கையை நீட்டியிருந்தால் கிளவில் விழுந்திருக்கும். என் பேச்சைக் கேட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினான். பந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டுக் கோட்டுப் பக்கம் தெறித்தது. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும், "நீங்கதானே அண்ணா முன்னால போகச் சொன்னீங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது நாம் திட்டுகிற விதம். பேக்ஹேண்டில் விட்டால் "சோம்பேறி" என்கிறோம். முன்னால் போய் மாரில் அடி வாங்கிக்கொண்டு விட்டால் "பரவாயில்ல, நல்ல முயற்சி" என்கிறோம். பிள்ளைகள் மண்டுகளா என்ன? கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் வலப்பக்கம் கையே நீளாது. அமெரிக்க பேஸ்பாலின் 1970 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், லீ மே அடித்த பந்தைத் தேர்ட் பேஸ் ஆட்டக்காரர் ப்ரூக்ஸ் ராபின்சன் பேஸுக்குப் பின்னால் பேக்ஹேண்டில் அள்ளி, ஃபவுல் பகுதிக்குள் போய்க்கொண்டே சுழன்று எறிந்து அவுட்டாக்கினார். அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பந்துக்கு யார் முன்னால் போய் நிற்பது?

ஆமாம், நேராக வரும் மெதுவான பந்துக்கு முன்னால் போகத்தான் வேண்டும். அங்கே பேக்ஹேண்ட் போட்டால் நானே திட்டுவேன்.

கிளவைக் கடைசி நொடியில் இறக்குவது

கிளவ் முதலிலேயே தரையில் இருக்க வேண்டும், விரிந்து, கட்டைவிரல் கீழே பார்த்தபடி. பந்து எகிறினால் கை தானாக மேலே வரும். மேலே இருக்கிற கை கீழே வருவதற்குள் பந்து போய்விடும். நம் மைதானங்களின் செம்மண்ணில் சரளைக் கல் வேறு. 15 அடி தள்ளி உட்கார்ந்து, பிள்ளையின் கால்களை முன்கூட்டியே சரியான இடத்தில் வைக்கச் சொல்லி, கையால் உருட்டுங்கள். தினம் முப்பது பந்து. பேட்டே வேண்டாம்.

பெருக்குவது

விளக்குமாறு மாதிரிப் பக்கவாட்டில் வீசுவதைத்தான் சொல்கிறேன். பந்து வருகிற கோட்டிலேயே கிளவை ஒரு சாண் முன்னால் தள்ளினால் போதும்.

"ரெண்டு கையால பிடி!"

பேக்ஹேண்டில் எட்டாது. கத்தாதீர்கள்.

அண்ணனுடைய கிளவ்

தூரத்தில் நிற்பவர்களுக்கான 12½ அங்குல அவுட்ஃபீல்ட் கிளவுக்குள் பந்தைத் தேடி எடுப்பதற்குள் ரன்னர் பேஸில் நிற்பான். பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்கிற இன்ஃபீல்டுக்கு 11½ போதும்.

வலது காலை ஊன்றாமல் எறிவது

நேரம் இருந்தால் வலது கால் ஊன்றும்போதே பிடித்து அங்கிருந்தே எறியலாம். தூரப் பந்தென்றால் இடது காலைக் குறுக்கே போட்டு எட்ட வேண்டும், அப்புறம் இன்னொரு அடி வைத்து வலது காலை ஊன்றி எறிய வேண்டும். இரண்டையும் சொல்லித்தருகிறேன். ஒன்றுதான் சரி என்று அடித்துச் சொல்கிறவர்களோடு டீக்கடையில் மணிக்கணக்காக வாதாடியிருக்கிறேன். எதுவானாலும் அந்த வலது கால் ஊன்றாவிட்டால் பந்து ஃபர்ஸ்ட் பேஸ்காரன் தலைக்கு மேலே போய், நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகள் மேல் விழும். ஒரு தடவை ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்தது. என்னுடைய ஸ்கூட்டர்தான்.