ஹாய், ஹே, ஹலோ: எதை யாரிடம், எந்தத் தொனியில்?

ஹாய் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு. வெளிநாட்டுக் குழுவோடு ஒரு ஆன்லைன் மீட்டிங். ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார், எனக்கோ குறுக்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். போனில் பேசுகிற பழக்கத்தில் "ஹலோ... ஹலோ?" என்றேன். சட்டென்று அமைதி. முடிந்த பிறகு குழுவில் ஒருவர் தனியாக அழைத்து, "ஏதாவது கோபமா?" என்று கேட்டார்.

படி 1: முகமன் சொல்லப் போகிறோமா, ஆளைக் கூப்பிடப் போகிறோமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே சொல் இரண்டுக்கும் வரும். ஹலோவே தொடக்கத்தில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும் சொல்தான். தொலைபேசியை எடுத்ததும் சொல்ல அது ஏற்றது என்று 1877இல் எடிசன் எழுதினார். கிரகாம் பெல்லுக்கு, கப்பல்காரர்கள் கூப்பிடும் 'அஹாய்' பிடித்திருந்தது. நல்லவேளை, எடிசன் ஜெயித்தார்.

படி 2: முகமன். சந்தேகம் வந்தால் ஹாய், அது எங்கும் செல்லும். ஹே பழகியவர்களுக்கு. மேலதிகாரி 'ஹே' என்று எழுதினால் நம் 'ஏய்' காதில் ஒலிக்கும். அது அதட்டல் இல்லை, நெருக்கம். 'யோ', 'சப்' ('வாட்ஸ் அப்?' என்பதன் சுருக்கம்) இரண்டும் நெருங்கிய நண்பர்களுக்குள் சொல்பவை, ஆறு மாதம் தள்ளி வையுங்கள். 'வாட்ஸ் அப்?' என்றால் வீட்டு நிலவரம் சொல்ல வேண்டாம், 'நாட் மச்' போதும். பிரிட்டன்காரர் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்டால் உங்கள் முகம் வாடியிருப்பதாக அர்த்தமில்லை.

படி 3: கூப்பிடுதல். இங்கேதான் நிதானம் வேண்டும். பேச்சின் நடுவே குரலை உயர்த்தி 'ஹலோ?' என்றால் "காது கேட்கிறதா, இல்லையா?" என்ற குத்தல் வந்துவிடும். லைன் போய்விட்டதா என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கிட, 'சாரி டு இன்டரப்ட்' என்று சொல்லி, நிறுத்தாமல் கேள்விக்குப் போய்விடுங்கள். பெயர் தெரிந்தால் பெயரே போதும்.

தெரியாதவரைக் கூப்பிட 'எக்ஸ்கியூஸ் மீ'. இதிலும் தொனி முக்கியம். மெதுவாகச் சொன்னால் பணிவு, 'மீ'யை இழுத்து மேலே தூக்கினால் "என்ன சொன்னாய்?" என்கிற சண்டை. நான் போனில் என் குரலைப் பதிவு செய்து கேட்டுத்தான் இதைத் திருத்தினேன். முதல் பதிவில் எனக்கே என்மேல் கோபம் வந்தது.

அப்புறம் 'சீ', 'லுக்', 'லிசன்'. நாம் 'பாருங்க', 'கேளுங்க' என்று சாதாரணமாகத் தொடங்குவோம். அதையே அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் பொறுமை இழந்தவர் பேச்சாகிவிடும். பாதி நேரம் அந்தச் சொல்லே தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வாருங்கள். 'ஓய்'யும் அப்படித்தான்: நம் 'என்ன ஓய்' நட்பு, பிரிட்டிஷ் 'ஓய்' அதட்டல்.

கருவி என்று கேட்டால், வாழ்த்துச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் ஆப்கள் எனக்குப் பிடிக்காது. கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் 'இன்ஃபார்மல்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் அங்கேயே கேட்கலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர், சாட்டில் ஹாய் போட்டால் பதிலே வருவதில்லை என்றார்கள். வெறும் 'ஹாய்' மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறீர்களா? அதே செய்தியிலேயே கேள்வியையும் எழுதி அனுப்புங்கள். இன்னொருவர் இரவு மீட்டிங்கில் நுழைந்ததும் 'குட் நைட்' சொன்னாராம். அது விடைபெறும்போது சொல்வது. மணி பத்தானாலும் உள்ளே வரும்போது 'குட் ஈவினிங்'தான்.