குளத்தில் நுண்ணுயிர்க் கரைசல் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாக்கடை கலந்து பச்சைக் குழம்பாகிப்போன குளத்தில் நன்மை தரும் நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றினால் தண்ணீர் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நுண்ணுயிர்கள் உண்மையிலேயே பயன்படக்கூடியவை. ஆனால் அவற்றால் எது முடியும், எது முடியாது என்று பிரித்தறியாமல் பணத்தைச் செலவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

நீரிலுள்ள அம்மோனியாவைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் வேறு சில பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஆனால் பாசிக்கு உரமாகும் இன்னொரு சத்தான பாஸ்பரசுக்கு இப்படி வெளியேறும் வழி கிடையாது. நுண்ணுயிர் அதைத் தன் உடலில் சேர்த்துக்கொண்டாலும், மடிந்ததும் அது நீருக்கோ சேற்றுக்கோ திரும்பிவிடும். 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் 226ஆம் எண் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரசையும் சேர்த்தார்கள். பாஸ்பரசு சேர்ந்த பாதியில்தான் பாசி பெருகிப் பச்சை படர்ந்தது. நைட்ரஜனை மட்டும் குறைத்தால், காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும் அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகளுக்குத்தான் வாய்ப்பாகும். ஆகவே வரத்து வாய்க்காலில் சாக்கடை கலப்பதைத் தடுக்காமலும், சேற்றை அள்ளாமலும், ஆகாயத்தாமரை போன்ற செடிகளை அரித்தெடுத்துக் கரைக்கு அப்பால் கொண்டுபோகாமலும் கரைசலை மட்டும் மாதாமாதம் ஊற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு என்பதே என் உறுதியான கருத்து. பிடுங்கிய செடியைக் கரையிலேயே குவித்து அழுகவிட்டால், அடுத்த மழையில் அதன் சத்து முழுவதும் மறுபடி குளத்துக்கே வந்து சேரும்.

அடுத்தது ஆக்சிஜன் கணக்கு. அம்மோனியாவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. அமிலத்தைத் தாங்கும் நீரின் காரத்தன்மையும், கால்சியம் கார்பனேட் கணக்கில், சுமார் 7 கிராம் குறைகிறது. ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் இயல்பாகக் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனே சுமார் 7.5 மில்லிகிராம்தான். பாசி மண்டிய குளத்தில் பகலில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும்; இரவில் பாசியும் சேர்ந்து சுவாசிப்பதால் விடியற்காலையில் அது மிகவும் குறைந்துபோக, மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறும். அத்தகைய குளத்தில் காற்றேற்றியை ஓடவிடாமல் மாலையில் கரைசலை ஊற்றினால் மறுநாள் காலை மீன்கள் செத்து மிதக்கக்கூடும். கரைசல் நன்கு பெருகட்டும் என்று வெல்லப்பாகையும் தவிட்டையும் அளவின்றிச் சேர்ப்பவர்கள், அழுக்கைத் தின்னவேண்டிய குளத்துக்கு இன்னும் தீனி போடுகிறார்கள்.

பாசியை முதலில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போட்டுக் கொன்றுவிட்டு, அதன் பிறகு நுண்ணுயிர் விடலாம் என்று எண்ணுவதும் தவறு. தாமிரம் பாக்டீரியாக்களையும் தாக்கும். பிளீச்சிங் பவுடரும் அப்படியே. குளோரின் கலந்த குழாய்நீரில் கரைசலைப் பெருக்குவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். இதைவிடக் கவலை தருவது, நீலப்பச்சைப் பாசி ஒரே நேரத்தில் மொத்தமாக மடியும்போது அதனுள் இருக்கும் மைக்ரோசிஸ்டின் போன்ற நச்சுகள் நீரில் கலந்துவிடுவது. அந்த நாள்களில் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து தெரிந்தாலும் மாடுகளை அதில் இறக்கக்கூடாது.

தெளிவை மட்டும் பார்த்துப் பலனை முடிவு செய்யாமல், அதிகாலையிலும் பிற்பகலிலும் கரைந்த ஆக்சிஜனையும், நீரின் அமில காரநிலையைக் காட்டும் பி.எச். அளவையும் குறித்துவைப்பதோடு, அம்மோனியாவையும் மொத்தப் பாஸ்பரசையும் கரைசல் விடுவதற்கு முன்பும் பின்பும் சோதிக்க வேண்டும். அம்மோனியாவின் எண்ணை பி.எச். அளவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்: நம் வெயில் காலத்து நீரில் பி.எச். 7 ஆக இருக்கும்போது அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கே மீனுக்கு நஞ்சான வடிவில் இருக்கும். பாசி பெருகிப் பிற்பகலில் பி.எச். 9 ஆகும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவ்வடிவுக்கு மாறிவிடும்.