எம்ஆர்ஐ டெக்னாலஜிஸ்ட் ஆகணுமா? காலேஜில் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், தருமபுரி பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமும் "ஒரே வருடத்தில் எம்ஆர்ஐ டெக்னீஷியன், 100% வேலை உறுதி" மாதிரி நோட்டீஸ்கள் முளைத்துவிடும். தயவுசெய்து அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எம்ஆர்ஐ மட்டும் தனியாகச் சொல்லித்தரும் படிப்பைத் தேட வேண்டாம். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எல்லாம் சேர்ந்த ரேடியாலஜி இமேஜிங் படிப்பை முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் எம்ஆர்ஐக்குப் போவதுதான் சரியான வழி. காரணம் இருக்கிறது. நம் பக்கத்து ஸ்கேன் சென்டர்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் காலையில் எக்ஸ்ரே, மதியம் சிடி, ராத்திரி எம்ஆர்ஐ என்று பார்க்க வேண்டியிருக்கும். எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, அதனால் அது கதிர் மெஷின்களைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கீழ் வராது. ஆனால் எக்ஸ்ரேவுக்கும் சிடிக்கும் அந்த வாரியம் கேட்கும் தகுதி உங்களிடம் இருந்தாக வேண்டும். இன்னொன்று, 2021-ல் வந்த துணை மருத்துவப் படிப்புகளுக்கான மத்திய சட்டம், டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் படிப்பு என்றால் குறைந்தது 2 வருடம், 2000 மணி நேரம் என்று சொல்கிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கூவி விற்பதெல்லாம் எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுத்துப் படித்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ரேடியாலஜி இமேஜிங். மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும், மருத்துவப் படிப்புச் சேர்க்கைக்கான தேர்வுக் குழு பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கவுன்சிலிங் நடத்துகிறது, அரசு இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். டிப்ளமோதான் முடியும் என்றால் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் இரண்டு வருட ரேடியோ டயக்னாசிஸ் (ஸ்கேன், எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு) டிப்ளமோவைப் பாருங்கள். அரசு வேலை கனவு இருக்கிறவர்கள், எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) இதற்கு முன் ரேடியோகிராபர் (எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவர்) வேலைக்கு விட்ட அறிவிப்பைத் தேடி எடுத்து, அதில் கேட்டிருக்கும் தகுதியும் நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி பிள்ளைகள் நிறைய பேர் பெங்களூருக்குப் போகிறார்கள், நல்ல காலேஜும் இருக்கிறது. ஆனால் ஏஜென்ட் மூலமாகப் போகாதீர்கள். கர்நாடகாவின் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அந்தக் காலேஜ் பெயர் அதே படிப்புக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு நேராகப் போய்ப் பேசுங்கள்.

காலேஜுக்கு நேரில் போகும்போது பில்டிங்கையும் ஏசி கிளாஸையும் பார்த்து மயங்க வேண்டாம். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் எம்ஆர்ஐ மெஷின் ஓடுகிறதா, அதன் காந்த சக்தி 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் வருகிறது, வெளி மருத்துவமனைக்குப் போஸ்டிங் (நேரடிப் பயிற்சி) அனுப்புவார்கள் என்றால் எந்த ஊருக்கு, எத்தனை மாதம் என்று கேளுங்கள். அப்புறம் ஆபீஸை விட்டு வெளியே வந்து, டீக்கடையில் நிற்கும் இன்டர்ன் யாரையாவது பிடியுங்கள், உண்மை அங்கேதான் கிடைக்கும். "கன்சோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரில்) நீங்களே உட்கார்ந்து ஸ்கேன் எடுப்பீங்களா, இல்லை பேஷண்டைத் தள்ளிக்கொண்டு வருவது மட்டும்தானா?" என்று கேளுங்கள். பக்கவாதம் என்று வந்தால் முதலில் என்ன சீக்வன்ஸ் (எந்த வகைப் படம்) போடுவீங்க என்று கேட்டால், நன்றாகப் பழகிய பையன் டிஃப்யூஷன், ஃப்ளேர் என்று யோசிக்காமல் சொல்லுவான்.

பேஷண்டை உள்ளே விடுவதற்கு முன் என்னென்ன விசாரிப்பீங்க என்பதையும் கேளுங்கள், என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்புக் கருவி), மூளையில் கிளிப், காக்ளியர் இம்பிளான்ட் (காது கேட்கப் பொருத்தும் கருவி) என்று பாடமாகச் சொல்வது ஒரு பக்கம். தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு, அரைஞாண் கொடி, மெட்டி, கொண்டை ஊசி, ஓசூர் கம்பெனியில் கிரைண்டிங் வேலை பார்த்தவர் என்றால் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்ததா என்பது வரைக்கும் கேட்கிற பழக்கம் போஸ்டிங்கில்தான் வரும். எம்ஆர்ஐ மெஷினே ஒரு பெரிய காந்தம், இரும்பை இழுத்துவிடும்; ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018-ல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரை எம்ஆர்ஐ அறைக்குள் கொண்டுபோனதால் மெஷின் இழுத்து ஒருவர் உயிரே போய்விட்டது. பாதுகாப்பு வகுப்பு யார் எடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் சேராதீர்கள்.

பணம் விஷயத்தில் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்: நாலு வருடத்துக்கும் சேர்த்து டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், பரீட்சை ஃபீஸ், இன்டர்ன்ஷிப் வருடத்தில் உதவித்தொகை தருவார்களா அல்லது நம்மிடமே ஃபீஸ் கேட்பார்களா. ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கேட்டால் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அங்கேயே வைத்துக்கொள்வோம் என்று பிடிவாதம் பிடித்தால் வேறு காலேஜைப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வைத்துவிடுங்கள், கவுன்சிலிங் அறிவிப்பு வந்த பிறகு அங்கே கூட்டம் தாங்காது.